வளவுக் கமராவின் கண் எந்தப் பக்கம்?

கிராமத்து வளவுகளில் களவு போகும் பொருட்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கிணற்றடியில் பூட்டிய நீர் இறைக்கும் மோட்டார், குசினிக்கு வெளியே வைத்த காஸ் சிலிண்டர், முற்றத்தில் காயப்போட்ட பாக்கு, மிளகு, பறித்துக் குவித்த தேங்காய், கொட்டிலில் கட்டிய ஆடு. இவை பத்திரிகையில் செய்தியாக வருவதில்லை. ஆனால் மோட்டாரைப் பறிகொடுத்த வீட்டில் அந்தப் போகத்துக் கத்தரியும் மிளகாயும் கருகிப் போகும். 2024ஆம் ஆண்டின் கடைசியில் தேங்காய் விலை ஏறியபோது, அதுவரை விழுந்த இடத்திலேயே கிடந்த தேங்காய்க்கும் இரவில் ஆள் வரத் தொடங்கியது.

பொருள் இழப்பைவிடப் பெரிய கவலை வேறொன்று. எமது ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இரவில் ஆண்கள் இல்லை. ஒருவர் கட்டாரில், ஒருவர் கொழும்புக் கடையில், ஒருவர் வட்டையில் பயிர்க் காவலில். வீட்டில் இருப்பவர்கள் உம்மா, இரண்டு பெண் பிள்ளைகள், கண் பார்வை மங்கிய மாமி. நடுநிசியில் கேட் அசையும் சத்தம் கேட்கிறது. ஓலை விழுந்ததா, மாடு முட்டியதா, மனிதன் நிற்கிறானா? கதவைத் திறந்தால்தான் தெரியும். திறப்பதுதான் ஆபத்து.

மலிவான கமரா ஒன்று கிராமத்து வீட்டுக்குச் செய்யும் பெரிய உதவி, கதவைத் திறக்காமலே வெளியே பார்க்க வைப்பதுதான். கள்ளனைப் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு வருவது. இந்தக் கண் வெளிப்புறம் பார்க்கும்வரை வீட்டுப் பெண்களுக்கு அது ஒரு காவல். அது அயல் வீட்டுப் பக்கமோ, நம் வீட்டின் உட்பக்கமோ திரும்பிவிட்டால் கதை வேறு. கமராவை எப்படிப் பொருத்துவது என்பதோடு, எங்கே திருப்பக் கூடாது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

ஒரு தாதியின் யோசனை

வீட்டு வாசலுக்குக் கமரா வைத்துக் காவல் காக்கும் முறையைத் தொடக்கத்தில் யோசித்தவர்களில் ஒருவர் பெண் என்பது நம் சகோதரிகள் பலருக்குத் தெரிந்திராது. அமெரிக்காவில் நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் ஒரு தாதி. அவரது கணவர் அல்பேர்ட் மின்னணுத் துறைத் தொழில்நுட்பவியலாளர். இருவரின் வேலை நேரமும் ஒத்துவராததால் அந்தப் பெண் பல வேளைகளில் வீட்டில் தனித்திருக்க வேண்டியிருந்தது. சுற்றுப்புறத்தில் குற்றங்கள் மலிந்திருந்தன. பொலிஸை அழைத்தால் வந்து சேர நேரமாகும்.

1966இல் கணவனும் மனைவியும் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பரில் அது கிடைத்தது. வாசற்கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துவாரங்கள். நெட்டையானவர் வந்தாலும் சிறுவன் வந்தாலும் முகம் தெரிவதற்காக மேலும் கீழும் நகரும் கமரா. படுக்கையறையில் ஒரு திரை. வந்தவரோடு பேச ஒலிவாங்கி, கதவைத் தூரத்திலிருந்தே திறக்க ஒரு பொத்தான், உதவிக்கு அழைக்க இன்னொன்று. கமரா வெளியே பார்த்தது. திரை மட்டுமே வீட்டுக்குள் இருந்தது. அந்தத் திரையைப் பார்த்தவர் வீட்டிலிருந்த பெண். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

முதலில் காகிதமும் பென்சிலும்

கடைக்குப் போவதற்கு முன் வளவை ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள். வீடு, கிணறு, குசினி, கொட்டில், கேட், வேலியில் ஆள் நுழையக்கூடிய இடைவெளி. அரை ஏக்கர் வளவு முழுவதையும் இரண்டு கமராவால் பார்க்க முடியாது, பார்க்கவும் தேவையில்லை. வருபவன் கட்டாயம் கடந்து போக வேண்டிய இடம் எது, அவன் தேடி வரும் பொருள் எங்கே இருக்கிறது? இந்த இரண்டு இடங்களும் போதும். பெரும்பாலான வீடுகளில் ஒன்று கேட்டாகவும் மற்றது மோட்டார் அல்லது சாமான் அறையாகவும் இருக்கும்.

கமராவுக்குச் செலவழிக்கும் முன் மோட்டாருக்குச் சங்கிலியும் நல்ல பூட்டும் போடுங்கள். கேட்டடியில் ஆள் அசைந்தால் தானாக எரியும் சென்சர் பல்ப் ஒன்றைப் பொருத்துங்கள். கமராவின் விலையில் சிறு பங்குதான் அது. வெளிச்சத்தில் நிற்க விரும்பாத கள்ளன் பாதி பேர் அத்தோடு திரும்பி விடுவார்கள் என்பது என் எண்ணம். (தோட்டத்துக்கும் மந்தைக்கும் காவலாக நாய் வைத்திருப்பதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறேன். கமரா குரைக்காது. அத்தோடு, நாய்க்கு மின்வெட்டு இல்லை.)

எந்த வகை?

வீட்டில் மின்சாரமும் வைஃபையும் இருந்தால் வேலை எளிது. சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் வைஃபை கமரா போதும். வெளியில் பொருத்துவதற்கென்று செய்யப்பட்டதையே கேட்டு வாங்குங்கள். பெட்டியில் ஐபீ 65 அல்லது ஐபீ 66 என்று எழுதியிருக்கும். முதல் இலக்கம் தூசியை, இரண்டாவது இலக்கம் நீரைத் தாங்கும் அளவைச் சொல்கிறது. அறைக்குள் வைக்கும் உருண்டைக் கமராவை மலிவென்று வாங்கித் தாழ்வாரத்தில் மாட்டினால் சாய்ந்தடிக்கும் முதல் மாரி மழையிலேயே அதன் கதை முடிந்துவிடும்.

மலிவான கமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். உங்கள் ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை தருவதாயிருந்தால் 5ஜீ என்று எழுதாத மற்றப் பெயரைத் தெரிவு செய்யுங்கள். வாங்க முன் இன்னொன்றும் செய்யுங்கள். கமரா வைக்கப்போகும் இடத்தில் உங்கள் கைத்தொலைபேசியோடு நின்று வைஃபையில் ஒரு காணொளியை ஓட விடுங்கள். அது நின்று நின்று ஓடினால் கமராவும் அப்படித்தான் ஓடும்.

தோட்டத்துக் கொட்டில், வயல் வாடி போன்ற இடங்களில் மின்சாரமும் இல்லை, வைஃபையும் இல்லை. அங்கே சிம் போடும் 4ஜீ கமராவைச் சோலார் பெனலோடு பொருத்தலாம். இதற்கு விலை இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். எந்த நிறுவனத்தின் சிம் என்பதை விளம்பரத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். அந்த இடத்துக்குப் போய், அந்தச் சிம்மைத் தொலைபேசியில் போட்டுப் பார்த்துத் தீர்மானியுங்கள். சிக்னலும் கிடைக்காத இடமென்றால், காட்டு மிருகங்களைப் படம்பிடிக்க ஆய்வாளர்கள் மரத்தில் கட்டும் கமரா வகையொன்று இருக்கிறது. அது பற்றரியில் இயங்கி, அசைவு தெரிந்தால் படமெடுத்து, தன் கார்ட்டில் வைத்துக் கொள்ளும். உடனே தகவல் தராது, பிறகு போய்த்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட் தொலைபேசியையும் ஒரு செயலி மூலம் கமராவாக்கலாம். செலவேயில்லை. ஆனால் வெயில் படும் ஜன்னலில் இரவு பகலாகச் சார்ஜில் கிடக்கும் தொலைபேசியின் பற்றரி ஊதிப் பெருக்கும். ஒரு வாரப் பயணத்துக்குச் சரி, நிரந்தரமாக வேண்டாம்.

உயரம், வெயில், சிலந்தி

கமராவை எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும் என்று பலரும் கூரை முகட்டுக்குக் கொண்டு போய் விடுகிறார்கள். அங்கிருந்து தெரிவது தொப்பியும் உச்சந்தலையும்தான். எட்டு, ஒன்பது அடி உயரம் போதும். கை எட்டாது, முகமும் தெரியும்.

தூரத்திலும் ஏமாறக் கூடாது. சாதாரணமாகக் கிடைக்கும் 2 மெகாபிக்சல் கமரா அகலமாகப் பார்ப்பதால் ஒவ்வொரு உருவமும் படத்தில் சிறுத்துவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று அடிக்குள் வந்தவரின் முகத்தை, முன்பின் தெரியாதவராக இருந்தாலும் அடையாளம் சொல்லலாம். இருபத்தைந்து அடியில் நிற்பவர் ஏற்கனவே தெரிந்தவராக இருந்தால் இன்னார் என்று சொல்லலாம். அதற்கு அப்பால் யாரோ ஒருவர் நடந்து போகிறார், அவ்வளவுதான். கேட்டில் வருபவரின் முகம் வேண்டுமென்றால் கமராவைக் கேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து அறுபது அடி தூரத்துக் கேட்டைப் பார்ப்பதில் பயனில்லை.

கிழக்கையோ மேற்கையோ நேரே பார்த்து வைத்தால் காலையிலோ மாலையிலோ சூரியன் கமராவைக் குருடாக்கும். முடிந்தவரை வடக்கு அல்லது தெற்கு.

இரவில் கமரா தன் சிவப்பு விளக்குகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் பார்க்கிறது. பக்கத்தில் ஒரு வாழை இலையோ வெள்ளைச் சுவரோ இருந்தால் அந்த ஒளி அதில் பட்டுத் திரும்பி, அப்பால் இருப்பதெல்லாம் இருட்டாகிவிடும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி கண்ணாடிக்கு முன்னாலேயே வலை கட்டும். இரவில் அந்த வலை வெண்திரை போலப் பளிச்சிடும். வாரத்துக்கொரு முறை ஈர்க்குமாற்றின் நுனியால் தட்டி, மெல்லிய துணியால் துடைப்பதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் இல்லை. கமராவுக்குப் பக்கத்தில் பல்ப் எரியவிடாமல் சற்றுத் தள்ளி எரியவிட்டால் பூச்சித் தொல்லை குறையும்.

தென்னை ஓலையின் நிழல் ஆடினாலும், ஆடு போனாலும், கோழி போனாலும் தொலைபேசி அடிக்கும். முதல் நாள் எல்லோரும் ஓடி ஓடிப் பார்ப்பார்கள். நான்காம் நாள் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். ஐந்தாம் நாள் வருபவனை எவரும் பார்க்கப் போவதில்லை. அமைப்புகளில் மனித அசைவுக்கு மட்டும் அறிவிக்கச் சொல்லும் வசதி இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் பெட்டி போல வரைந்து கொடுக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. பற்றரிக் கமராக்கள் மனித உடலின் சூட்டை உணர்ந்து விழிப்பவை. எமது உலர் வலயத்து நண்பகலில் சுற்றுப்புறமே உடற்சூட்டை நெருங்கிவிடுவதால் அவை சில வேளை ஆளைத் தவறவிடும். நேரே எதிர்த்து வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அவை நன்றாக உணரும். அதனால் பாதைக்குப் பக்கவாட்டில் பொருத்துங்கள்.

யானை வரும் ஊர்களில் உள்ளவர்களுக்கு இது களவைவிட முக்கியமான விடயம். 2023ஆம் ஆண்டில் மட்டும் எமது நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். ஸுபஹுக்கு இருட்டோடு எழுந்து பின் கதவைத் திறந்து கிணற்றடிக்குப் போகும் பெண், திறப்பதற்கு முன் தொலைபேசியில் ஒருமுறை முற்றத்தைப் பார்த்துக் கொள்ளலாம். கமரா பார்க்கும் தூரத்துக்கு அப்பால் நிற்கும் யானை தெரியாது. ஆகவே பார்த்துவிட்டோம் என்று இருட்டுக்குள் துணிந்து நடக்கவும் கூடாது.

கரண்டும் மின்னலும்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனது. கள்ளனுக்கு அத்தகைய இரவுகளே வசதி. கமரா மட்டும் இயங்கி ரவுட்டர் அணைந்துவிட்டால் உங்களுக்குத் தகவல் வராது. ரவுட்டருக்கு என்றே விற்கும் சிறிய யூபீஎஸ் ஒன்றும், 5 வோல்ட்டில் இயங்கும் கமராவாக இருந்தால் ஒரு பவர் பேங்க்கும் சில மணித்தியாலங்களைச் சமாளிக்கும். கமராவுக்குள் கார்ட் இருந்தால் இணையம் இல்லாவிட்டாலும் பதிவு நடந்து கொண்டிருக்கும்.

சித்திரை மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் வரும்போது ரவுட்டரையும் கமராவையும் பிளக்கிலிருந்து கழற்றி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டிலிருந்து கொட்டிலுக்கு நீண்ட வயர் இழுத்திருந்தால் அந்த வயரே மின்னலுக்குப் பாதையாகி, கமராவோடு ரவுட்டரையும் சேர்த்து எரித்துவிடும்.

சோலார் பெனலைத் தென்னை நிழல் விழாத இடத்தில், தெற்கு நோக்கிச் சற்றுச் சரிவாக வையுங்கள். சரிவாக இருந்தால் மழை அதன் தூசியைக் கழுவும். காகத்தின் எச்சத்தை நீங்கள்தான் கழுவ வேண்டும். கிழக்கில் மாரி காலத்து நாட்களில் வெயிலே காணாமல் பற்றரி இறங்கலாம். அந்த மாதங்களில் இடைக்கிடை கழற்றி வீட்டில் சார்ஜ் ஏற்றிக் கொள்ளுங்கள்.

கார்ட்டில் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பார்கள். வினாடிக்கு ஒரு மெகாபிட் அளவில் இரவு பகலாகப் பதிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 ஜீபீ. 64 ஜீபீ கார்ட்டில் ஐந்தாறு நாள், 128இல் பதினொரு நாளளவு. நிறைந்ததும் பழையது அழிந்து அதன் மேலேயே புதியது பதியும். அசைவை மட்டும் பதியச் சொன்னால் இன்னும் அதிக நாள் நிற்கும்.

கணக்கு யாருடைய பெயரில்?

கமரா பூட்ட வரும் தம்பி பெரும்பாலும் நல்ல பிள்ளைதான். வேலை சுலபம் என்று தன் தொலைபேசியிலேயே செயலியை இறக்கி, தன் மின்னஞ்சலிலேயே கணக்கைத் திறந்து, பிறகு வீட்டுக்காரருக்குப் பார்க்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அப்படியானால் அந்தக் கமராவின் சொந்தக்காரர் அவர். உங்கள் முற்றத்தை எந்த நேரத்திலும் அவர் பார்க்கலாம். சகோதரிகளே, இதில் வெட்கப்படவோ தயங்கவோ ஒன்றுமில்லை. கணக்கு வீட்டில் இருக்கும் உங்கள் தொலைபேசியில், உங்கள் பெயரில் திறக்கப்பட வேண்டும். கடவுச்சொல்லை அவர் போன பிறகு நீங்களே மாற்றுங்கள். இரண்டாவது சரிபார்ப்புக் குறியீடு கேட்கும் வசதியையும் போட்டுக் கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் போட்டுவந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கமராக்களையும் அது போன்ற கருவிகளையும் மிராய் என்ற தீய நிரல் 2016இல் உலகெங்கும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டே அந்த வருடம் ஒக்டோபரில் பெரிய இணையத்தளங்கள் பல முடக்கப்பட்டன. கடவுச்சொல்லை மாற்றினாலும் ஆபத்து முற்றாக நீங்கிவிடாது. அமெரிக்காவின் ரிங் நிறுவனம், தன் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டுக் காணொளிகளைப் பார்க்க இடமளித்ததாக அந்நாட்டு அரச ஆணைக்குழு 2023இல் குற்றம் சாட்ட, பல மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. 2024 பெப்ரவரியில் வைஸ் என்ற நிறுவனத்தின் கமராக்களில் ஏற்பட்ட கோளாறால் சுமார் 13,000 பேருக்குப் பிறர் வீட்டுக் கமராப் படங்கள் தெரிந்தன. பெரிய நிறுவனங்களின் நிலையே இதுவென்றால், பெயர் தெரியாத மலிவுக் கமராவை வீட்டுக்குள் மாட்டுவதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்? படுக்கையறை, பெண்கள் முக்காடின்றி நடமாடும் கூடம், குளியலறைப் பக்கம், இவை எதுவும் எந்தக் கமராவுக்கும் உரிய இடமல்ல. பழைய கமராவை விற்பதாயிருந்தால் கார்ட்டைக் கழற்றி எடுத்து, கணக்கிலிருந்தும் நீக்கி விடுங்கள்.

பக்கத்து வீட்டுக் கிணறு

எமது ஊர்களில் வளவுக்கு வளவு கம்பி வேலிதான். அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு, அதில் குளிப்பும் துவைப்பும். எமது கேட்டைப் பார்க்கும் கமராவின் ஓரத்தில் அந்தக் கிணறும் விழுந்துவிடுவது சாதாரணமாக நடக்கும்.

எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் வீட்டுத் தேவைக்காக மட்டும் வைத்திருக்கும் தரவுகளுக்கு ஏற்புடையதல்ல. அந்தச் சட்டத்தைச் சொல்லி எவரும் வந்து கேட்கப் போவதில்லை. மார்க்கச் சட்ட அறிஞர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். கமரா இல்லாத காலத்தில் அவர்களுக்கு முன் இருந்த கேள்வி ஜன்னல். ஒருவர் தன் வீட்டில் புதிதாக ஜன்னல் திறக்கிறார், அதிலிருந்து அயல் வீட்டுப் பெண்கள் புழங்கும் இடம் தெரிகிறது. என்ன செய்வது? உஸ்மானியப் பேரரசில் 1869க்கும் 1876க்கும் இடையில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பின் 1202ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. பெண்கள் புழங்கும் இடங்களுக்கு அது தரும் உதாரணங்களைப் பாருங்கள்: முற்றம், சமையலறை, கிணற்றடி. அவை தெரியும்படி இருப்பதைக் கடுமையான தீங்காக அது கணிக்கிறது. அத்தோடு தீர்வையும் சொல்கிறது. ஜன்னலை முற்றாக மூடு என்று வீட்டுக்காரரை வற்புறுத்துவதில்லை. பார்வையை மறைக்கும் சுவரோ தடுப்போ கட்டுவது அவர் பொறுப்பு என்கிறது.

இந்தத் தீர்வு கமராவுக்கும் பொருந்துவதைக் கவனியுங்கள். கமராவைக் கழற்றத் தேவையில்லை, மறைப்புப் போட வேண்டும். முதலில் கோணத்தைத் திருப்புங்கள். அப்படியும் கிணறு விழுந்தால், படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக்கிவிடும் வசதி செயலியில் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவானவை சிலவற்றிலும் அது உண்டு. இல்லாவிட்டால் கமராவின் ஓரத்தில் ஒரு தகரத் துண்டைப் பொருத்துங்கள். பிறகு பக்கத்து வீட்டு ராத்தாவை, அக்காவை அல்லது நோனாவை அழைத்து வந்து, திரையில் என்ன தெரிகிறது என்பதை அவர் கண்ணாலேயே பார்க்க விடுங்கள். கமராவைப் பார்த்தவுடன் அயலவர் மனதில் எழும் சந்தேகம் அந்த ஒரு நிமிடத்தில் தீரும். ஒலிப்பதிவையும் நிறுத்தி வையுங்கள். வேலியடியில் நாலு பெண்கள் மனம் விட்டுப் பேசுவது பதியப்பட வேண்டிய விடயமல்ல. துருவித் துருவி ஆராய்வதை ஸூரத்துல் ஹுஜுராத் தடுத்திருப்பது நாம் அறியாததல்ல.

வெளிநாட்டிலிருந்து பார்க்கும் கண்

இன்னொரு விடயம் இருக்கிறது. எழுதச் சங்கடமானதுதான், ஆனால் எழுதாமல் விட முடியாது. கணவர் வெளிநாட்டில். கள்ளர் பயம் என்று சொல்லி இரண்டு கமரா பூட்டுகிறார். ஒன்று கேட்டைப் பார்க்கிறது. மற்றது மெல்ல மெல்ல விறாந்தைக்கு வருகிறது, பிறகு கூடத்துக்கு. ஒரு சகோதரி என் மனைவியிடம் சொல்லி அழுத வார்த்தைகள் இவை: “வாசலுக்கு வந்து நிண்டாப் போதும், உடனே போன் அடிக்குது ராத்தா. யாரோட கதைச்ச, ஏன் இவ்வளவு நேரம் எண்டு கேக்காரு. மீன்காரன் வந்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்குது. என்ட வீட்டுக்குள்ளயே எனக்கு மூச்சு முட்டுது.”

கணவருக்குத் தன் குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு உண்டு. இரவு கேட்டில் யார் நிற்கிறார் என்று அவரும் பார்க்கட்டும். அதில் மனைவிக்குத் தைரியமும் உண்டு. ஆனால் மனைவியின் நடமாட்டத்தைப் பதிந்து வைத்துப் பார்ப்பது காவல் அல்ல, உளவு. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் வாசல் துவாரத்தினூடாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது அவர்கள் கடுமையாகக் கண்டித்ததும், அனுமதி கேட்கும் ஒழுங்கு வைக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று உணர்த்தியதும் எமது மாணவர்கள் ஓதும் பாடம். நீண்ட பயணம் முடிந்து ஊர் வருபவர் இரவில் திடீரென்று வீட்டுக்குள் நுழைய வேண்டாம், குடும்பத்தவரில் குறை தேடுவதாக அது ஆகிவிடக் கூடாது என்ற வழிகாட்டலும் ஹதீஸ்களில் உண்டு. ஒரு நாள் இரவு நுழைவதிலேயே இந்தப் பேணுதல் என்றால், வருடம் முழுவதும் திறந்திருக்கும் கண்ணைப் பற்றி என்ன சொல்வது?

பூட்டுவதற்கு முன்பே இருவரும் பேசித் தீர்த்துக் கொள்ளுங்கள். எத்தனை கமரா, எந்தப் பக்கம் பார்க்கும், யார் யார் பார்ப்பது, எப்போது அணைப்பது. கமராவை அணைக்கும் உரிமை வீட்டில் இருக்கும் பெண்ணிடம் இருக்க வேண்டும். பகலில் பெண்கள் முற்றத்தில் வேலை செய்யும்போது அணைத்து, மஃரிபுக்குப் பிறகு போடுவது பல வீடுகளுக்குப் போதும். உலகக் கணக்காகவும் ஒன்று சொல்கிறேன். சிம் போட்ட கமராவை நேரடியாகப் பார்ப்பதற்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 450 எம்பீ செலவாகும். தினமும் இரண்டு மணித்தியாலம் பார்த்தால் மாதத்துக்கு 27 ஜீபீ. அந்த டேட்டாக் காசில் மனைவியோடும் பிள்ளைகளோடும் முகம் பார்த்துப் பேசலாம்.

கார்ட்டில் முகம் விழுந்தால்

களவு நடந்து, கமராவில் ஆள் தெரிந்தால், அந்தத் துண்டை உடனே தொலைபேசியில் சேமியுங்கள். சில நாளில் அது தானாக அழிந்துவிடும். பிறகு கார்ட்டைக் கழற்றி, காகித உறையில் இட்டு, திகதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வேறு கார்ட் போட்டுக் கொள்ளலாம். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இத்தகைய பதிவுகளை நீதிமன்றம் ஏற்க வழி செய்திருக்கிறது. மூலப் பதிவு கை படாமல் இருப்பது அதற்கு நல்லது. கமராவின் திகதியும் நேரமும் சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். 2018ஆம் ஆண்டு என்று காட்டும் படத்தைக் கொண்டு போய் நேற்று நடந்த களவை விளக்குவது சிரமம். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். ஆள் உள்ளே நிற்கும் நேரமென்றால் கதவைத் திறக்காமல் 119.

படத்தை முகநூலிலும் ஊர் வட்ஸ்அப் குழுவிலும் “கள்ளன்” என்று போடாதீர்கள். இருட்டில் மங்கலாகத் தெரியும் அந்த உருவம் தொலைந்த கன்றைத் தேடி வந்த அயல் வீட்டுப் பையனாக இருக்கலாம். நாளை உண்மை தெரிந்தாலும் ஊர் முழுக்கப் பரவிய படத்தைத் திரும்ப எடுக்க எவராலும் முடியாது. சந்தேகம் இருந்தால் முதலில் அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் தனியாகக் காட்டுங்கள்.

பூட்டி முடிந்த அன்றிரவே ஒரு பரீட்சை செய்யுங்கள். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மகனையோ தம்பியையோ வேலி இடைவெளியிலிருந்து மோட்டார் வரை நடக்கச் சொல்லுங்கள். ஒருமுறை தொப்பியோடு, ஒருமுறை தொப்பியில்லாமல், ஒருமுறை ஓடி. நீங்கள் உள்ளே இருந்து திரையில் பாருங்கள். எந்த இடத்தில் முகம் தெரிந்தது, எந்த இடத்தில் ஆளே காணாமல் போனார் என்று காகிதத்தில் குறித்துக் கொள்ளுங்கள். மறுநாள் காலை ஏணியை எடுத்து, கமராவை நாலு விரற்கடை இப்படி அப்படித் திருப்பிவிட்டு, இரவு இன்னொரு முறை நடக்கச் சொல்லுங்கள்.